பத்தொன்பதாம் தேதி மேகம்

“அடுத்தது” என்றார் தெய்வசிகாமணி சார். கோகிலவாணி லேப்டாப்பில் கீழ் அம்பு போட்ட பொத்தானை அழுத்தினாள். ஆள்காட்டி விரல் அதில் ஒட்டிக்கொண்டு, மனசில்லாமல் பிரிந்து வந்தது. ஜாங்கிரிப் பாகு. பத்தரை மணிக்குத் துறைத்தலைவர் அறையில் சார் நின்றபடியே தின்றது ஒன்று, துணைவேந்தரின் உதவியாளரிடம் பேசிக்கொண்டே இன்னொன்று. பிறகு கை கழுவுவது என்று ஒரு வழக்கம் உலகத்தில் இருப்பதே தெரியாதவர் மாதிரி லேப்டாப்பைத் திறந்து, ஸ்லைடெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிவிடும்மா, எனக்கு நடந்துகொண்டே பேசினால்தான் பேச்சு வரும் என்று அவளிடம் கொடுத்துவிட்டார். மொத்தம் முப்பத்தொரு ஸ்லைடு. நாலு முடிந்திருக்கிறது. இன்னும் இருபத்தேழு தடவை அந்தப் பாகைத் தொட வேண்டும். நடுவிரலால் அழுத்தலாம், அப்புறம் நடுவிரலும் பிசுபிசுக்கும். கைக்குட்டையைப் போட்டு அழுத்தலாம். ஆனால் அவள் உட்கார்ந்திருப்பது மேடை ஓரத்து மேஜையில், கீழே அறிவியல் நாள் என்று சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து பஸ் வைத்துக் கூட்டிவந்த நானூறு பிள்ளைகள், முதல் வரிசையில் துணைவேந்தர். கைடு தொட்டதைக் கைக்குட்டை போட்டுத் தொடுகிற பெண் என்று பேராகிவிடும். மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள் அந்த மாதிரிப் பேரெல்லாம் வாங்கக் கூடாது. அரங்கத்து ஏசி ஈரச்சாக்கு நாற்றத்தை ஊதிக்கொண்டிருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்த டீ, காகிதக் கோப்பையில் ஆடை கட்டி, அந்த ஆடை நடுவில் சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். திரையில் சாரின் பெயர், அதற்குக் கீழே ‘முந்திக்கொண்ட ஒளி’ என்று பேச்சின் தலைப்பு, எல்லா ஸ்லைடின் மூலையிலும் சின்னதாக வந்துகொண்டே இருந்தது. முந்திக்கொண்ட ஒளி. முந்தவில்லை. எதுவும் எதையும் முந்தவில்லை.

சார் குவாசரை விளக்கிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் விளக்குவார், அதையும் சொல்லவேண்டும். எங்கோ கோடானுகோடி மைல் தள்ளி ஒரு விண்மீன் கூட்டம், அதன் நடுவில் ஒரு கருந்துளை, சுற்றியுள்ள வாயுவையும் தூசியையும் இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருக்கிறது, தின்கிற சூட்டில் அந்த இடமே ஜொலிக்கிறது, அதுதான் குவாசர். பந்தியில் உட்கார்ந்த நம்ம மாமன் மாதிரி, தின்னத் தின்ன ஏப்பம் விடும், அந்த ஏப்பம்தான் இரண்டு பக்கமும் பீறிட்டு அடிக்கிற தாரை என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஏப்பமில்லை என்று கோகிலவாணிக்குள் ஒன்று எப்போதும்போல் திருத்தியது. உள்ளே போனது போனதுதான், ஏப்பமாகக்கூட வெளியே வராது. வாய்க்குப் போகிற வழியிலேயே கொஞ்சம் மாட்டிக்கொண்டு முறுக்கப்பட்டு வெளியே வீசி எறியப்படுகிறதே அதுதான் தாரை. தின்கிறவனின் எச்சில் இல்லை, தின்னப்படாமல் தப்பித்தது. ஐந்து வருடமாக அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரையில் புதிதாக ஒரு கட்டி கிளம்பி ஓடும்போது அது போகிற வழியெல்லாம் பற்றிக்கொள்ளும். காமா கதிரில் ஒரு வெடிப்பு, எக்ஸ் கதிரில் ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் ஒன்று, மாதக்கணக்கு கழித்து ரேடியோவில் ஒன்று. எது முதலில், எது பின்னால், எவ்வளவு நேரம் பின்னால் என்று கோத்துப் பார்த்தால், அந்தக் கட்டி எங்கே பிறந்தது, எங்கே அடிவாங்கியது என்று சொல்லிவிடலாம். எல்லாம் தேதிதான். தேதியைத் தவிர அவளிடம் வேறு எதுவுமில்லை. காமா கதிரைச் செயற்கைக்கோள் பார்க்கும், ரேடியோவை வேறு ஒரு தேசம் பார்க்கும், ஒளியை மட்டும் இவர்களுடைய வெள்ளிக்கரட்டு மலைத் தொலைநோக்கி பார்க்கும், அதைத் திறந்து மூடி, திருப்பி, குறித்து வைக்க நாச்சிமுத்து இருந்தார். அவர் முதல் வரிசைக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏப்ரலோடு ஓய்வு பெறுகிறார் என்று காலையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அதை அழகாக மடித்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தனக்கு முன்பே தெரிந்த கதையைக் கேட்கிறவர் மாதிரி சாரைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. “அடுத்தது.” விரல் ஒட்டியது, பிரிந்தது.

பதினோரு நாள் முன்னால் நாச்சிமுத்துவிடம் போனில் பேசாமலே இருந்திருக்கலாம். பேசியது ஒரு நல்ல காரியத்துக்குத்தான். ஆய்வேட்டில் நன்றிப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள், நாச்சிமுத்துவின் இனிஷியல் தெரியவில்லை. ஐந்து வருடம் ஒரு மனிதர் உங்களுக்காகக் குளிரில் விழித்திருக்கிறார், உங்களுக்கு அவர் இனிஷியல் தெரியவில்லை. மத்தியானம் கூப்பிட்டாள். அவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். இனிஷியல் ரா என்றார், அப்பன் பேரில் இல்லை, ராமாத்தாள் மவன் என்றுதான் ஊரில் தெரியும், அதனால் அம்மா பேரே போட்டாயிற்று என்றார். அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். ஓய்வு பெறுகிற காகிதத்தில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். அம்மா வெள்ளிக்கிழமை பிறந்தாய் என்று சொல்லுமாம், பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைத் தேதியைப் போட்டுவிட்டார்களாம். எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள் என்று அவள் சும்மா கேட்டாள், பேச்சை முடிக்கும் அவசரத்தில். கோழி கூப்பிட நாலு மணி இருக்கும் என்றார். அப்படியென்றால் சனிக்கிழமைதானே அண்ணா, பன்னிரண்டு மணிக்கே தேதி மாறிவிடுமே என்றாள். அவர் சிரித்தார். “அதெப்படீங்க அம்மிணி, ராத்திரி நாலு மணின்னா ராத்திரி தானுங்களே. பொழுது விடிஞ்சாத்தானுங்க மறுநாளு. நான் நோட்டுல கூட விடியற முட்டும் அதே தேதிதான் போடுவனுங்க.” நோட்டு. அவள் கையிலிருந்த பேனா நின்றது. நோட்டு என்றால் எந்த நோட்டு. போன மார்ச் பதினாலாம் தேதி இடிவிழுந்து தொலைநோக்கியின் கணினிக் கடிகாரம் கெட்டுப்போனதே, சரிசெய்ய ஆள் வரும்வரை மறுநாளிலிருந்து நாலு ராத்திரி அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாரே, அந்த நோட்டு. அந்த நாலு ராத்திரியில்தான் குவாசர் பற்றிக்கொண்டது. அது மார்ச்சில் நள்ளிரவு தாண்டித்தான் மேலே வரும். அவர் எழுதியது எல்லாமே இரண்டு மணி, மூன்று மணி. பதினேழு, மணி மூணு பத்து என்று எழுதியிருந்தார், அவள் பதினேழாம் தேதி அதிகாலை என்று எடுத்துக்கொண்டாள். செயற்கைக்கோள் காமா வெடிப்பைப் பதினெட்டாம் தேதி அதிகாலையில் பார்த்திருந்தது. ஒளி ஒரு நாள் முந்தியது. இதுவரை இந்த மாதிரி யாரும் கண்டதில்லை, தாரையைப் பற்றி எழுதியதையெல்லாம் மாற்றி எழுத வேண்டும் என்று கட்டுரை வந்தது, செய்தித்தாளில் சாரின் படம் வந்தது. ஆனால் நாச்சிமுத்துவின் பதினேழாம் தேதி மூணு பத்து என்பது மற்ற எல்லோருக்கும் பதினெட்டாம் தேதி மூணு பத்து. ஒளியும் காமாவும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன, எல்லாக் குவாசரிலும் பெரும்பாலும் வருகிற மாதிரியே, சாதுவாக. அண்ணா ஒரு நிமிஷம் என்றாள், போனை வைத்துவிட்டாள், குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். இனிஷியலை எழுத மறந்துவிட்டாள்.

சாரிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அவர் உரித்த வேர்க்கடலையைத் தோல் ஊதித் தின்றுகொண்டிருந்தார். தோல் அவள் கொண்டுபோன வரைபடத்தின் மேலெல்லாம் விழுந்தது. அவர் எச்சில் விரலால் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார், அது ஒன்றும் புதிதில்லை, அந்த நோட்டின் எல்லா வலது மூலையிலும் அவருடைய எச்சில் காய்ந்த மஞ்சள் கறை உண்டு. முழுதும் கேட்டார். அவர் முட்டாளில்லை, பாதியிலேயே புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு கணம் ஏதோ இடிந்தது, அதை அவள் பார்த்தாள், அப்போது அவர்மேல் அவளுக்கு இரக்கம்கூட வந்தது. பிறகு அந்த முகம் மறுபடி ஒழுங்காயிற்று. அது ஒழுங்கான வேகம்தான் அவளுக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. “விட்டுடும்மா” என்றார். “அச்சாகிப் போன விஷயம். நாம வாயைத் திறந்தாத்தான் வெளியே தெரியும். அப்படியே யாராவது கேட்டாலும், எழுதினது அந்த ஆள்தானே.” நாம. அவள் அந்தச் சொல்லைப் பல நாளாகக் கவனித்துவந்திருந்தாள். செய்தித்தாள்காரர்களிடம் பேசும்போது நான். கட்டுரையில் நாங்கள். தப்பு என்று வந்தால் நாம, அவளையும் சேர்த்து. அதுவும் மிஞ்சிப்போனால் அந்த ஆள். கீழே இறங்க இறங்க ஆள் மாறிக்கொண்டே போகிறது, மேலே ஏறும்போது மட்டும் அவர் ஒருவரே இருக்கிறார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதுதான். சரி சார். வெளிநாட்டு வேலைக்கு அவருடைய கடிதம் இந்த வாரம் போகிறது, ஆய்வேட்டில் அவர் கையெழுத்து வேண்டும், ஐந்தாவது அத்தியாயம் முழுக்க அந்த ஒரு நாள்தான். சரி சார் என்று சொன்ன அதே வாயால் அன்று மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டாள், இறங்கியது. அப்படி இறங்கியதுதான் அருவருப்பு. தின்கிறவர் அவர் என்று எப்படிச் சொல்வது, தட்டு வைத்தவள் யார். “அடுத்தது.” பன்னிரண்டாவது ஸ்லைடு. “அடுத்தது.” சாரின் கழுத்துப்பட்டையில் வியர்வை வளையம் போட்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் வாயை மூடாமல் கொட்டாவி விட்டார், உள்ளே வெற்றிலைச் சிவப்பு. எல்லோருக்கும் வாய் இருப்பது ஏன் இன்றைக்கு இப்படிக் கண்ணில் படுகிறது.

தேதியைப் பற்றித்தான் அவள் சாரிடம் சொன்னாள். மேகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைக்கும்போது மனசு அதன் பக்கத்தில் வந்து வந்து திரும்பிவிடும், வாசலில் கிடக்கிற செத்த எலியைப் பார்க்காமல் தாண்டுகிற மாதிரி. நாலு ராத்திரியும் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிட்டதால் கடைசியில் ஒரு நாள் காலியாக நின்றது. பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் இருபது. இருபதாம் தேதி கணினிக் கடிகாரம் சரியாகிவிட்டது, அது சரியாகவே எழுதியது. நடுவில் பத்தொன்பது எங்கே போயிற்று. அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது, போன வருடம், ஒரு சாயங்காலம், ஹாஸ்டல் அறையில். அந்தக் கட்டத்தைப் பார்த்து அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். அவர் பேச ஆரம்பித்தால் விடமாட்டார், ஆட்டுக்குட்டி கதையெல்லாம் வரும், ஆறு மணிக்குச் சாரிடம் அட்டவணை கொடுக்க வேண்டும். கட்டத்தில் ‘மேகம்’ என்று தட்டச்சு செய்தாள். ஒரே சொல். மலையில் மார்ச்சில் மேகம் வருவது அதிசயமா. நோட்டை எடுத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். மழை பெய்தால் மழை, மேகம் வந்தால் மேகம், எதையும் எழுதாமல் விடுகிற மனிதர் இல்லை அவர். அந்த நாலு ராத்திரிக்கும் கீழே ‘வானம் சுத்தம்’ என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறார். அவர் எழுதாத மேகத்தை இவள் எழுதினாள். இல்லாத ஒரு மேகத்தை இழுத்து வந்து அந்த ஓட்டையில் அடைத்தாள். அது இல்லாமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர், கட்டுரையைச் சரிபார்த்தவரோ, சாரோ, ஏம்மா ஒரு நாள் இடிக்குதே என்று கேட்டிருப்பார்கள். சார் வேர்க்கடலையை ஊதித் தின்றதும், எச்சில் தொட்டுப் புரட்டியதும், ஜாங்கிரிப் பாகும், பதினோரு நாளாக அவள் இதையெல்லாம் உட்கார்ந்து வெறுத்துக்கொண்டிருந்தாளே, அவ்வளவும் இதைப் பார்க்காமல் இருக்கத்தானோ. டீயின் ஆடைமேல் ஓர் ஈ உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டது. தன் விரலை முகர்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது, முகர்ந்தாள், நெய்யும் குங்குமப்பூ எசன்ஸும் கொஞ்சம் தன் கையும். தன் கை நாற்றமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அடுத்தது” என்றார் சார். இருபத்து மூன்றாவது ஸ்லைடு. நோட்டின் பக்கத்தைப் படம் பிடித்துப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பதினேழு, மணி மூணு பத்து, வானம் சுத்தம். சார் நெற்றியைச் சுருக்கி அதைப் படிக்கத் தெரியாதவர் மாதிரி நடித்தார், இது தமிழா பிராமி கல்வெட்டா என்று தொல்லியல் துறையைக் கூப்பிட வேண்டியிருந்தது என்றார். நானூறு பேரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார், வெட்கத்தோடு, பக்கத்தில் இருந்தவரிடம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார், நான் எழுதினது என்றிருக்கும். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். பேச்சு முடிந்தபின்தான் கேள்வி என்று அறிவிப்பாளர் சைகை காட்டினார், அந்தப் பெண் உட்காரவில்லை. பொறியியல் கல்லூரிச் சீருடை, எண்ணெய் வைத்த பின்னல். நேரத்தைக் கையால் எழுதியிருக்கிறது என்றால் அதில் தப்பு வர வாய்ப்பில்லையா சார், ஒரு நாள் வித்தியாசம்தானே மொத்த முடிவும் என்று கேட்டாள். சார் சிரித்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். “நல்ல கேள்வி. தப்பு இருந்தா நம்ம நாச்சிமுத்துவைத்தான் பிடிக்கணும், தூங்கித் தூங்கி எழுதியிருப்பார்” என்றார். மறுபடி சிரிப்பு. சாதாரணமாகத்தான் சொன்னார், விளையாட்டாக, பொன்னாடை போர்த்திய அதே கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு. இன்னொரு நாள் யாராவது நிஜமாகவே கேட்கும்போது அந்தச் சொல் தயாராக இருக்கும், அன்றைக்கு அரங்கத்திலேயே சொன்னோமே என்று. நாச்சிமுத்து எழுந்துவிட்டார். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மடியிலிருந்த பொன்னாடை கீழே விழுந்தது, அதைக் குனிந்து எடுப்பதா பதில் சொல்வதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றார். “இல்லீங்க சார்” என்றார், மைக் இல்லாமலே கேட்டது. “நான் தூங்குலீங்க. பார்த்துத்தானுங்க எழுதுனேன்.”

“உட்காருங்க, உட்காருங்க. அடுத்தது” என்றார் சார். கோகிலவாணி அழுத்தவில்லை. அடுத்தது என்பது இருபத்து நாலு, அவளுடைய அட்டவணை, அதில் அந்தக் கட்டம். அழுத்தினால் எல்லாம் நகர்ந்துவிடும், பத்து நிமிஷத்தில் நன்றியுரை, வாழையிலையில் சாப்பாடு, கடிதம் போய்விடும், ஆய்வேடு போய்விடும், அவளும் போய்விடுவாள், வெள்ளிக்கரட்டில் ஒரு மனிதர் தூங்கித் தூங்கி எழுதினார் என்பது மட்டும் இங்கேயே இருக்கும். இதையும் விழுங்கினால் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும், தயிர்சாதம் இறங்கவில்லையா. அடுத்தது என்றார் சார், திரும்பிப் பார்க்காமல். அவள் அழுத்தினாள். திரையில் அட்டவணை வந்தது. அவள் எழுந்து அறிவிப்பாளரின் மைக்கை எடுத்தாள், அது சில்லென்று இருந்தது, யாருடைய எச்சிலோ காய்ந்த வாடை அடித்தது, வாயருகே கொண்டுபோனாள்.

“அவர் எழுதினது சரி” என்றாள். “விடியற வரைக்கும் அதே தேதின்னு நாலு நாளும் ஒரே மாதிரி எழுதியிருக்கார். நான்தான் கேக்காம ஒரு நாள் முன்னாடி தள்ளிப் போட்டுட்டேன். ஒளி முந்தலை. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்தது. பத்தொன்பதாம் தேதிக்கு மேகம்னு இருக்கே, அது நோட்டுல இல்லை. நான் போட்டது.”

யாரும் சிரிக்கவில்லை. சார் அவளைப் பார்த்தார். வேர்க்கடலை தின்ற அன்றைக்கு ஒரு கணம் இடிந்த அதே முகம், இந்தத் தடவை ஒழுங்காக வழியில்லாமல் அப்படியே நின்றது. கேள்வி கேட்ட பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். துணைவேந்தர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அரங்கத்தில் நடந்தது என்ன என்று சரியாகப் புரியாத ஒரே ஆள் நாச்சிமுத்துதான். அவர் திரையில் அந்தக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார், நெற்றியைத் தேய்த்து யோசித்தார். ஒரு ராத்திரியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது அவருடைய வேலை, முப்பத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார்.

“பத்தொம்போதுங்களா அம்மிணி” என்றார். “விடியக்காலந்தானே கேக்கறீங்க. துளி மேகமில்லீங்களே.”

ஆமாம் அண்ணா என்று சொன்னாள். ஆள்காட்டி விரலைச் சுடிதாரில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிசுக்குப் போகவில்லை.